பனிமேல் போட்ட பழி

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலை ஆலையில், தூள் சலிக்கும் அறையில் இருபது வருடம் வேலை செய்தேன். காலை வெயிலில் தூள் பொன்னிறப் பனிபோல மிதக்கும்; கனவுக்குள் நடப்பதுபோல இருக்கும்.

இருமலுக்குக் கிளினிக் போனால், தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரையும் போல நானும், "மலைப்பனி ஒத்துக்கல டாக்டர்" என்பேன். அப்படியே எழுதிவைத்தார்கள். பிறகு மூச்சுத்திணறலுக்கு நஷ்டஈடு கேட்டபோது, அந்தக் குறிப்பைக் காட்டியே மறுத்துவிட்டார்கள்.

மேல்முறையீட்டுக்காகப் பரிசோதித்த டாக்டரம்மா, "தீபாவளி லீவுல லயத்து வீட்ல இருந்தப்ப இருமுனீங்களா?" என்றார்.

"இல்லலா டாக்டர்."

"அங்கயும் இதே பனிதானே?"

சலிக்கும் அறையின் தூளைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அவர் கொடுத்த கடிதத்தால் நஷ்டஈடு கிடைத்தது.

இப்போது எந்த டாக்டரிடமும் நோயைச் சொல்லுமுன் பார்த்த வேலையைச் சொல்கிறேன். பனி வரும்போது ஜன்னலைச் சாத்துவதும் இல்லை.