நாலந்தாவைத் தாண்டியதும் பஸ்ஸை மறித்தார்கள்

1959இல், எனக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது, உக்குவளையிலிருந்து அப்பாவோடு தம்புள்ளைக்குப் புறப்பட்டேன். ஊர் பார்க்க அல்ல, அப்பாவின் பிரசாவுரிமை மனுவுக்காக. அப்பா இந்த நாட்டில்தான் பிறந்தார். ஆனால் அவர் பிறப்பை யாரும் பதியவில்லை. இளவயதில் அவர் வேலை பார்த்த தம்புள்ளைக் கடை முதலாளி ஒரு கடிதம் தந்தால் மனுவுக்கு உதவும் என்றார்கள்.

காலை ஆறரைக்கு உக்குவளையில் பஸ் ஏறி மாத்தளையில் இறங்கினோம். ஏழேகாலுக்குத் தம்புள்ளை பஸ். இருபத்தெட்டு மைல், இரண்டு மணி நேரப் பயணம். டிக்கெட் தொண்ணூறு சதம் என்று ஞாபகம். அலுவிகாரையில் ஏறிய ஒருவர் பின்னாலிருந்து சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார். இந்தியாவிலிருந்து மன்னார்ப் பக்கம் தினமும் கள்ளத்தோணி வருகிறதாம், வருகிறவன் எல்லாம் திருடனாம். எனக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை. எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் நாங்களும் அப்படித்தான் பேசுவோம்.

நாலந்தா தாண்டிச் சிறிது தூரத்தில் பஸ் நின்றது. இரண்டு பொலிஸ்காரர்கள் ஏறினார்கள். அப்பாவிடம் சிங்களத்தில் ஊரும் பேரும் கேட்டார்கள். அப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அன்று வாய் திறந்தது, சொல் வரவில்லை. "பஹின்ட" என்றான் ஒருவன். இறங்கச் சொல்கிறான். நானும் இறங்கினேன். பஸ் போய்விட்டது.

எங்களைப் பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்; எந்த ஸ்டேஷன் என்று நான் இங்கே எழுதவில்லை. அதன் வெளி விறாந்தையில் உட்காரவைத்தார்கள். அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். முப்பது வயதிருக்கும். அவர் கடல் தாண்டி வந்தவர் என்பது காவலுக்கு நின்றவன் பேச்சில் தெரிந்தது. நான் பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார்.

"பயப்படாதீங்க தங்கச்சி. நான் ரத்தோட்டைப் பக்கந்தான்."

பெயர் சோலைமலை. இரண்டு வருஷத்துக்கு முன்பு, தாய் சாகக் கிடக்கிறாள் என்று இந்தியாவுக்குப் போயிருக்கிறார். திரும்பி வர விசா கிடைக்கவில்லை. மனைவி ராக்கம்மாவும் ஐந்து வயது மகளும் இங்கே ரத்தோட்டைத் தோட்டத்தில். எழுதிய மனுக்களுக்குப் பதில் இல்லை. கடைசியில் தோணி ஏறினார்.

"வீட்டுக்கு வர்றதுக்கு வேற வழி தெரியலம்மா. ராக்கம்மாகிட்ட சொல்லிடுறீங்களா, இங்க இருக்கேன்னு?"

அப்பா என் கையை அழுத்தினார். "பேசாத புள்ள. அவனோட சேர்ந்த ஆளுங்கன்னு நம்மளையும் உள்ள போட்டுருவானுங்க."

சோலைமலையைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தேன்.

பின்னேரம் இரண்டு மணிக்குத் எங்கள் தோட்டத்துத் துரை டெலிபோனில் எங்களைத் தெரியும் என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். தம்புள்ளைக்குப் போகும் தைரியம் அப்பாவுக்கு இல்லை. திரும்பினோம். அந்தக் கடிதம் கிடைக்கவே இல்லை. மனுவும் தள்ளுபடியானது.

ஒரு கிழமை, ஏழு இரவும், தூங்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு, அப்பாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ரத்தோட்டை பஸ் ஏறினேன். மாத்தளையிலிருந்து ஏழு மைல், பிறகு தோட்டத்துக்குச் செங்குத்தான ஏற்றத்தில் முக்கால் மணி நேர நடை. யாராவது பின்னால் வருகிறார்களா என்று ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தேன்.

ராக்கம்மா லயத்து வாசலில் நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்தது. அக்கம்பக்கக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன.

"அப்படி ஒருத்தர எனக்குத் தெரியாதுங்க," என்றாள் உரக்க. "வேற ராக்கம்மாவா இருக்கும்."

இறங்கி நடந்தேன். மலைநீர் வந்து விழும் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவள் போல வாளியோடு பின்னால் வந்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அடிச்சிருக்காங்களா?"

"நான் பாத்தப்ப இல்லக்கா."

"சாப்பிட்டாரா?"

எனக்குத் தெரியாது. சாப்பிட்டார் என்றேன். அவள் குனிந்து வாளியைப் பீலிக்கடியில் வைத்தாள். அது நிரம்பி வழிந்தது.

"எந்த பஸ்ல போகணும்?"

காலை முதல் பஸ்ஸையும் மாத்தளையில் மாறுமிடத்தையும் இறங்கவேண்டிய வளைவையும் சொன்னேன். போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்து நிமிஷம் பார்த்திருக்கிறாள். அதன்பின் அவரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிட்டார்கள்.

பழைய தோட்டங்களைத் தேடி இன்று அந்த வழியே போகிறீர்கள் என்றால், பிறப்புச் சான்றிதழின் பிரதியை மட்டும் கொண்டுபோங்கள், அசல் வீட்டிலேயே இருக்கட்டும். ரத்தோட்டை ஏற்றத்துக்கு நல்ல செருப்பு வேண்டும், மதியத்துக்குப் பின் மழை பிடிக்கும். வழியில் யாராவது கள்ளத்தோணி என்று பேச்செடுத்தால், நான் பார்த்த ஒருவர் தன் மகளைப் பார்க்க வந்துகொண்டிருந்தார் என்று சொல்லுங்கள்.