காலி வண்டி என்று எழுதப்பட்ட முதல் நடை

டெப்போவில் என் மேசைக்கு ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் டீசல் பலகை. எந்த வண்டி லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடியது என்று தினமும் சாக்பீஸில் எழுதிப் போடுவார்கள். பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளைகள் மாதிரி டிரைவர்கள் அதன் முன்னால் கூடி நிற்பார்கள். என் வேலையில் அவ்வளவு கூட்டம் சேராது. ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு நடைக்கும் எத்தனை சீட்டு அடித்தது என்று டிக்கெட் மெஷினிலிருந்து இறக்கிப் பட்டியல் போட்டு மேலே அனுப்புவேன். ஓர் ஊரிலிருந்து கிளம்பி இன்னோர் ஊர் போய்ச் சேர்ந்தால் ஒரு நடை. எந்த நடை நீடிக்கும், எது நிற்கும் என்பதை அந்தப் பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

நான் சேலம் அம்மாபேட்டைக்காரி. மாற்றலாகி நாமக்கல் பக்கம் வந்த முதல் மாதம், இங்கே யார் மரியாதை தருகிறார்கள், யார் கிண்டல் செய்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. எதற்கெடுத்தாலும் ஒரு ‘ங்க’. மெமோ நீட்டினாலும் "சரிங்க, குடுங்க" என்று வாங்கிக்கொள்வார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் கத்துவதும் அவர்கள் ‘ங்க’ போடுவதுமாகப் பல வருஷம் ஓடிவிட்டது.

என் கோபம் அதிகமாக வெடிப்பது டெப்போவில் இல்லை, கல்யாணப் பந்தியில். யாராவது சாம்பாரைப் பிசைந்துகொண்டே "கவர்ன்மெண்ட் பஸ் எல்லாம் தண்டச் செலவு" என்று ஆரம்பித்தால் போதும், என் இலையில் சோறு ஆறிவிடும். லாபம் வருகிற தடத்தில் மட்டும் ஓட்ட யாருக்குத்தான் தெரியாது? எங்கள் ஆட்கள் பெங்களூருக்கும் கோயம்புத்தூருக்கும் ஓடுகிற வண்டியில் சம்பாதித்து, கெங்கவல்லிப் பக்கம் எந்தத் தனியார் பஸ்ஸும் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு வண்டி விடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் பாஸுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. பெண்கள் டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போகிறார்களே, அதுவும் ஊர் நினைக்கிற மாதிரி சும்மா இல்லை. ஒரு பெண் ஏறினால் கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டு ஒன்று அடித்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டுகளின் கணக்கைப் பார்த்துத்தான் அரசாங்கம் எங்களுக்குப் பணம் தருகிறது. இது போதாதென்று கடன், தள்ளிப்போட்ட பாக்கி, பழைய வண்டிக்குப் பெயிண்ட் என்று இழுத்துப் பிடித்துத்தான் நடக்கிறது. இருந்தும் விடிகாலையில் வண்டி கிளம்பிவிடுகிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஒரு வருஷம், ஆளில்லாத நடைகளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தப்பான உத்தரவு என்று சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் படியில் தொங்கும்போது இன்னொரு பக்கம் காலி வண்டி ஓட்ட முடியாது. எங்கள் டெப்போ பட்டியலில் கடைசியில் நின்றது, பரமத்தி வேலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அதிகாலையில் நாமக்கல் வருகிற டவுன் பஸ்ஸின் முதல் நடை. ஒரு நாள் ஒன்பது சீட்டு, ஒரு நாள் ஏழு. அடுத்த மாதத்திலிருந்து அதை நிறுத்தி, ஏழேகால் மணி நடையோடு சேர்த்துவிடலாம் என்று நானே குறிப்பு எழுதி மேலாளர் மேசையில் வைத்தேன்.

அதே நாள் டீசல் பலகைக்குப் பக்கத்தில் ஒரே சத்தம். அந்த வண்டியின் டிரைவரை மெக்கானிக் பிரிவில் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். காலி வண்டிக்கு எதற்கு இவ்வளவு டீசல் என்று கேள்வி. எப்போதும் தரையைப் பார்த்துப் பேசுகிற அந்த மனுஷன் அன்றைக்கு நிமிர்ந்து, "காலி வண்டிங்களா? ஏனுங்க, உங்கள்ல யாராச்சும் ஒரு நாள் விடியால வந்து ஏறிப் பாருங்க. நிக்க எடமிருக்காதுங்க" என்றார்.

என் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது. நான் எழுதிய ஏழும் ஒன்பதும் பொய்யா? கண்டக்டர் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறாரா? மூக்கு விடைத்துவிட்டது எனக்கு. மேலாளரிடம் சொன்னேன். "பட்டியல் வெள்ளிக்கிழமை போகணும். அதுக்குள்ள பாத்துட்டு வந்துடும்மா" என்றார்.

மறுநாள் இருட்டுப் பிரிவதற்குள் என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஸ்கூட்டரில் அந்த ஊரில் இறக்கிவிட்டார். அது ராத்திரி அங்கேயே தங்குகிற வண்டி. டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் ஐம்பதை நெருங்குகிறவர், ஒல்லி, காக்கிச் சட்டைக் கழுத்தில் கைக்குட்டை. என்னைப் பார்த்ததும் வணக்கம் வைத்தார். நான் வைக்கவில்லை.

முதல் நிறுத்தத்தில் நாலு பெண்கள் ஏறினார்கள். அடுத்ததில் பத்துப் பன்னிரண்டு பேர். டிபன் தூக்கு, துணிப்பை, முடியில் சொட்டுகிற தண்ணீர். ஊருக்கு ஊர் கூட்டம் ஏறிக்கொண்டே வந்தது. பாதி வழியில் என் கால் மேல் இன்னொருத்தி கால். அத்தனை பேரிடமும் கண்டக்டர் பேசினார், நகரச் சொன்னார், ஒருத்தியின் மகளுக்குக் காய்ச்சல் குறைந்ததா என்று விசாரித்தார். சீட்டு மட்டும் அடிக்கவில்லை. ஆண்கள் ஏறினால் மெஷின் கீச்சென்றது. சீட்டு கேட்ட வெளியூர்ப் பெண் ஒருத்திக்கும் கீச்சென்றது. மற்றவர்களைத் தாண்டி அவர் பாட்டுக்குப் போனார்.

எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவள், நாற்பது வயது இருக்கும். "உங்களுக்குச் சீட்டு தரலையா?"

"வேண்டாம்னு சொல்லிட்டமுங்க" என்றாள். "சும்மா உடறாங்க. அதுல தாளு வேற எதுக்குங்க வீண் பண்ணோணும்? எறங்குனதும் கீழதான போடப் போறோம். நம்மளால கவருமெண்டுக்கு நட்டம் வரக்கூடாதில்லீங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஏதோ நல்ல காரியம் செய்கிற திருப்தி அவர்கள் முகத்தில். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தாளை மிச்சம் பிடிக்கப் போய், தாங்கள் ஏறுகிற வண்டிக்கே குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நடை அடுத்த மாதம் நிற்கப் போகிறது என்று சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது. "ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வருகை மெஷின்ல வெரல் வெக்கோணுங்க. மூணு நாளு தப்புச்சுன்னா வேற ஆளு போட்டுருவாங்க. ஏழேகா வண்டியில வந்தா எட்டு ஆயிருமே சாமி. எட்டு வருசமா இந்த வண்டியிலதானுங்க வாரேன்" என்றாள். அவள் ஒருத்தி இல்லை. மில்லுக்குப் போகிறவர்கள், கோழிப் பண்ணையில் முட்டை அடுக்குகிறவர்கள், வீட்டு வேலைக்காரர்கள் என்று அந்த வண்டி முழுக்க இப்படி ஏதோ ஒரு மணிக்குப் போய் நிற்க வேண்டியவர்கள்தான்.

நாமக்கல்லில் எல்லாரும் இறங்கிய பிறகு கண்டக்டரை உட்காரவைத்தேன். திட்டுவதற்கு வாய் நிறைய வைத்திருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். சீட்டுச் சுருளை வீணாக்கக் கூடாது, சிக்கனம் தேவை என்று கண்டக்டர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை. கீழே மூலையில், தட்டச்சு செய்தவர் யார் என்று காட்ட, என் பெயரின் முதல் எழுத்து இருந்தது. "நீங்களும் வீணாக்காதேன்னீங்க, அவங்களும் வேண்டாம்னாங்க. நாஞ் சரின்னு உட்டுட்டனுங்க" என்றார். என் வாயில் இருந்த வசவெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

நாளையிலிருந்து ஆளுக்கொரு சீட்டு அடித்தால் கணக்கு ஏறிவிடும். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் மிச்சம் இருந்தது ஒரே நாள். ஒரு நாள் கணக்கை யார் நம்புவார்கள்? இத்தனை மாதம் சீட்டு இல்லாமல் ஆள் ஏற்றினோம் என்று யாராவது எழுத்தில் சொன்னால்தான் நடை பிழைக்கும். சொல்கிற ஆள் மாட்டுவார். பயணிக்குச் சீட்டு கொடுக்காமல் விடுவது, இலவசச் சீட்டாக இருந்தாலும், எங்கள் விதியில் குற்றம். இதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எப்படி எழுதினால் அவர் பெயர் வராது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் அதற்குள் என் கையிலிருந்த பேனாவைக் கேட்டார். "நானே எழுதிக் குடுத்தர்றனுங்க" என்றார். பஸ்ஸிலேயே உட்கார்ந்து, மெஷின் பெட்டியின் மேல் தாளை வைத்து, தினமும் ஏறத்தாழ எத்தனை பெண்கள், எந்த எந்த நிறுத்தம், யாருக்குச் சீட்டு அடிக்கவில்லை என்று முத்து முத்தாக எழுதினார். சுற்றறிக்கையைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, "அது உங்க மேல வந்துருமில்லீங்க" என்றார்.

மேலாளர் அதை இரண்டு தரம் படித்தார். "இன்கிரிமெண்ட் போயிடும்யா, தெரியுமில்ல?" என்றார். "தெரியுங்க" என்றார் இவர். மேலாளர் அதன் மேல் தன் கைப்படக் குறிப்பு எழுதி, பட்டியலோடு அவரே சேலத்துத் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். ஒரு மாதம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்த மாதம் முழுக்க அந்த வண்டியில் மெஷின் கீச்சு ஓயவில்லை என்று டிரைவர் சொன்னார். நடை நிலைத்துவிட்டது.

தண்டனையும் வந்தது. ஒரு வருஷ ஊதிய உயர்வு நிறுத்தம், வேறு தடத்துக்கு மாற்றல். அந்த உத்தரவைத் தட்டச்சு செய்ததும் நான்தான். சுற்றறிக்கை பற்றி நான் தனியாக எழுதிக் கொடுத்த விளக்கத்தை ஃபைலில் சேர்த்துக்கொண்டார்கள். தண்டனை குறையவில்லை.

உத்தரவை வாங்க அவர் வந்த அன்று என்னால் தலை நிமிர முடியவில்லை. படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "அந்த ஆஸ்பத்திரிக்காரம்மா ஏழு மணிக்குப் போயிர்றாங்களாங்க?" என்றார்.

"போயிடறாங்க" என்றேன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டுப் புதுத் தடத்து வண்டிக்கு ஓடினார். அத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒரு கண்டக்டருக்காக நான் எழுந்து நின்றேன், அவர் அதைப் பார்க்கவில்லை.