பேச்சியம்மா சொன்ன பெயர்

பச்சை ஏலக்காயின் வாசனையும் உருகும் அரக்கின் வாசனையும் கலந்து அடிக்கும் இடமாகத்தான் போடியில் எங்கள் அப்பாவின் வக்கீல் அறை எனக்கு நினைவிருக்கிறது. குரங்கணிப் பக்கத் தோட்டங்களிலிருந்து நேரே இறங்கி வரும் கட்சிக்காரர்கள் மலையையே சட்டையில் சுமந்து வருவார்கள். ஐம்பதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதில், அந்த அறைக்குள் பர்மாவிலிருந்து வந்த பேச்சியம்மாவும் அவர் மகள் மல்லிகாவும் நுழைந்தார்கள். மல்லிகாவுக்கும் என் வயதுதான்.

அங்கே கலகம் மூண்டபோது பேச்சியம்மாவின் கணவர் இருவரையும் முதலில் கப்பலேற்றிவிட்டுத் தான் அங்கேயே தங்கிவிட்டார். இரண்டு வருஷமாகக் கடிதம்கூட இல்லை. பேச்சியம்மா பர்மாவிலேயே பிறந்தவர் என்பதால், கையிலிருந்த தற்காலிக அனுமதிச்சீட்டு முடிந்ததும் இருவரும் திரும்பிப் போயாக வேண்டும். கணவர் போடிக்குப் பக்கத்துத் தேவாரம் ஊரில் பிறந்தவர் என்பதற்கான சான்றை அப்பா தேடி எடுத்து, அவர்கள் இங்கேயே தங்குவதற்கு மனு எழுதினார்.

மனுவைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நான் உட்காரும் முக்காலியில் மல்லிகா உட்கார்ந்து, விசாரணையில் சொல்ல வேண்டிய பதில்களைப் பழகினாள். சரியாகச் சொன்னபோதெல்லாம் அப்பா, "சபாசு ஆத்தா" என்றார். "ஆத்தா" என்று அவர் அதுவரை அழைத்தது என்னை மட்டும்தான். அன்று அவளை எத்தனை முறை அப்படி அழைத்தார் என்று எண்ணி என் நோட்டில் எழுதிவைத்தேன்: ஏழு.

பேச்சியம்மாவோ கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது அக்காலப் பெண்களின் நம்பிக்கை. பெயர் கேட்டால், "இந்தப் புள்ளையோட அய்யா பேருதாண்ணே அவுக பேரு" என்பார்.

"இதை எழுதிக் குடுத்தா அதிகாரி என்னையும் சேத்துக் கப்பலேத்திருவாரு, தங்கச்சி" என்று அப்பா சிரித்தார். பிறகு, பெயரை மகள் சொல்லலாம், தாய் தலையசைத்தால் போதும் என்று அதிகாரியிடம் முன்னதாகவே ஒப்புதல் வாங்கினார்.

விசாரணை நாளில் அழுது அடம்பிடித்து நானும் பெரியகுளம் சர்க்கார் கச்சேரிக்குப் போனேன். பஸ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக மல்லிகா. எனக்குப் பின் சீட்டு. இறங்கியதும் அவள் காதருகே போய், "கச்சேரியில உங்க அய்யா பேரைச் சொன்னா அவரு திரும்பி வரவே மாட்டாரு" என்றேன்.

அதிகாரி கேட்டபோது மல்லிகா வாய் திறக்கவில்லை. "சொல்லு ஆத்தா, வெரசா" என்றார் அப்பா. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பன் பேர் தெரியாத பிள்ளையா? இந்தச் சான்று இவங்களுடையதுதானா, வக்கீல் சார்?" என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

பேச்சியம்மா தாலியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, "முத்துக்கருப்பன்" என்றார். அடுத்த கணம் தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

அனுமதி கிடைத்தது. வெளியே வந்ததும் அப்பா, "ஏன் ஆத்தா, அத்தனை நாள் பழகுனியே?" என்று கேட்க, மல்லிகா என்னைப் பார்த்தாள். "பயந்துட்டேன் மாமா" என்று மட்டும் சொன்னாள். அப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். அதற்கும் நான் பொறாமைப்பட்டேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

முத்துக்கருப்பன் வரவில்லை. பேச்சியம்மா ஒரு வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டு, கடைசிவரை கழுத்தில் தாலியோடே இருந்தார். தான் வாய் திறந்ததால்தான் அவர் வரவில்லை என்று உடன் வேலை செய்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். மல்லிகா ஏன் பேசவில்லை என்பதை நான் ஒருநாளும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை.

அப்பாவின் அறை இருந்த இடத்தில் இன்று ஜெராக்ஸ் கடை. கணவர் பெயரைச் சொல்லத் தயங்கும் பெண்களையும் இப்போது காண முடிவதில்லை. என் மருமகள் என் மகனை வாசலுக்குக் கேட்கும்படி பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். கூப்பிட்ட மறுநிமிஷம் அவன் வந்து நிற்கிறான்.