கிடைக்கோட்டுக்காரர்

லெஸ்டர் வோபோரில் காப்பிக் கடையில் உட்கார்ந்ததும் காகிதக் கைத்துடைப்பானை விரித்து அதில் ஒரு கோடு இழுப்பார். படுக்கையாக, ஓரம் முதல் ஓரம் வரை. "இதுதான் நெப்ராஸ்கா. இதுக்கு மேல ஒரு இஞ்சு எழும்பினாலும் அது திமிரு" என்பார். எங்கள் மாநிலம் அப்படித் தட்டையான சமவெளி. செர்ரிப் பழப் பணியாரம் தின்று முடித்ததும் நெப்ராஸ்காவாலேயே வாயைத் துடைத்துக்கொள்வார்.

வயது எழுபத்து நான்கு. எங்கள் மாவட்டத்தில் பதினொரு கட்டடங்கள் அவர் வரைந்தவை. பள்ளிக்கூடம், லூத்தரன் தேவாலயம், தீயணைப்பு நிலையம், நூலகம் என்று எதையும் விடவில்லை. பதினொன்றுக்கும் தட்டைக் கூரை. நவம்பரில் விழும் பனி மார்ச் வரை அங்கேயே குடியிருந்துவிட்டு, பிறகு உருகி உள்ளே இறங்கும். வாலிபத்தில் சிகாகோவில் பெரிய கட்டடக் கலைஞர் ஒருவரிடம் எட்டு மாதம் வேலை பார்த்தாராம். பென்சில் சீவியிருப்பார் என்பது என் கணிப்பு. அந்த எட்டு மாதத்தை ஐம்பது வருடமாக எங்கள் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் முன்னால் 'ஒழுகுது' என்று சொல்லக் கூடாது. 'கட்டடம் வேர்க்குது' என்றுதான் சொல்ல வேண்டும். ஊரும் பழகிவிட்டது. முகத்துக்கு நேரே குறை சொல்லாததுதான் இங்கே மரியாதை. என் கல்யாணம் அவருடைய தேவாலயத்தில் நடந்தபோது, போதகர் தலைக்கு மேல் என் மைத்துனன் குடை பிடித்தான். விருந்தில் எல்லோரும் வரிசையாகப் போய், வெளிச்சம் பிரமாதம் என்று லெஸ்டரைப் பாராட்டினோம். நானும்தான். நினைத்தால் இன்றைக்கும் நாக்குக் கூசுகிறது.

அவர் குடியிருப்பதோ தாத்தா கட்டிய பண்ணை வீட்டில். பனி வழுக்கி விழும்படி செங்குத்தான சரிவுக் கூரை. கேட்டால், "அத நான் வரையலையே" என்பார்.

இந்த மார்ச்சில் நூலகர் ஆர்டிஸ் குன்னர்சன் எங்கள் மரியாதையைப் போட்டு உடைத்தார். இங்கே முதலில் குடியேறிய குடும்பங்களின் கடிதங்களும், பிறப்பு இறப்பு எழுதிவைத்த பைபிள்களும் நூலகத்தின் பின்னறையில் இருக்கின்றன. இந்தக் குளிர்காலத்தில் இரண்டு அலமாரி நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டது. கரைந்த எழுத்தைத் திரும்ப எழுத ஆள் உயிரோடு இல்லை. சரிவுக் கூரை போட வேண்டும், ஊர்ச்சபை ஓட்டுப் போடட்டும் என்றார் ஆர்டிஸ். கூட்டமும் நூலகத்திலேயே நடந்தது, பனி உருகத் தொடங்கிய சனிக்கிழமையில்.

லெஸ்டர் தன் பழைய வரைபடத்தை மேசைமேல் விரித்து, அரை மணி நேரம் சமவெளியைப் பற்றிப் பேசினார். சரிவு வைத்தால் தன் கட்டடத்துக்குக் கோமாளித் தொப்பி மாட்டியது போலாகும் என்றார். சபையினர் ஐந்து பேரும் வழக்கம்போலத் தலையாட்டினார்கள்.

ஆர்டிஸ் எழுந்தார். "லெஸ்டர், இது ஒழுகுது."



"வேர்க்குதும்மா" என்றார் அவர் கனிவாக. "நாப்பது வருஷமா ஒரு சொட்டு உள்ள விழுந்ததில்ல."

மேசையின் ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. லெஸ்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கிடைக்கோட்டின் அழகைப் பற்றித் தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தார். கைகள் மட்டும், ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வரைபடத்தை மளமளவென்று சுருட்டி, மேலங்கிக்குள் நெஞ்சோடு செருகி, கழுத்து வரை பொத்தானைப் போட்டுக்கொண்டன.