மூட்டையோடு ரயில் ஏறியவள்

தர்ஹான் நகரில் ஆட்டுத்தோல் கோட்டு தைக்கும் தொழிற்சாலையை அரசாங்கம் இழுத்து மூடிய வருஷம், செர்மாவும் மற்றப் பெண்களைப்போல சீன எல்லைக்கு ரயில் ஏறினாள். சீனாக்காரனிடம் செருப்பும் காலுறையும் வாங்கி வந்து ஊர்ச்சந்தையில் விற்கிற பிழைப்பு. ஆசைப்பட்டுப் போகவில்லை. வீட்டில் மாவில்லை, புருஷன் தம்தினுக்கும் வேலை போயிருந்தது.

ஒருமுறை திரும்பி வருகையில், கோபிப் பாலைவனத்தில் ரயில் ஊர்ந்துகொண்டிருந்தபோது பக்கத்து அறையில் ஒருத்தி அலறினாள். அலறல் சட்டென்று நின்றது. ரயில் கொள்ளைக்காரர்கள் என்று செர்மாவுக்குப் புரிந்தது. உடன் வந்த நோரோவ் தன் இடுப்புக்கச்சையை அவிழ்த்துக் கதவின் கைப்பிடியில் சுற்றினாள். இருவருமாக இழுத்துப் பிடித்தார்கள்.

"அக்கா, கதவத் தெறங்க. மூட்டையப் பாத்துட்டுப் போயிடுறோம்."

தெரிந்த குரல். தொழிற்சாலையில் அவளுடைய தையல் இயந்திரத்தைப் பழுது பார்த்த பட்சூக்! பேர் சொல்ல வாயெடுத்தவளின் வாயை நோரோவ் பொத்தினாள்.

"வாய மூடுடி! நாம ஆளத் தெரிஞ்சுக்கிட்டோம்னா உயிரோட விடமாட்டானுங்க."

கதவிடுக்கில் கத்தி நுழைந்து கச்சையை அறுக்கத் தொடங்கியது. நல்லவேளை, ஏதோ ஸ்டேஷனில் ரயில் நின்றது. காலடிகள் ஓடி மறைந்தன.

சில நாள் கழித்துச் சந்தையில் பட்சூக் எதிரே வந்தான். "சௌக்கியமாக்கா? வியாபாரம் எப்படி?" என்று சிரித்தான். அவள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள்.

"போதும்மா," என்றான் இதைக் கேட்ட தம்தின். "தொழிற்சாலைய யாரோ முதலாளி வாங்கிட்டானாம். ஆள் எடுக்குறாங்க, போ."

போனாள். அதே இயந்திரம், அதே கூடம். ஆனால் கொஞ்சம் மின்சாரம் நின்றாலும் எல்லாருக்கும் முகம் வெளுத்தது. மறுபடியும் மூடிவிட்டார்களோ? "என்ன முழிக்கிறீங்க? புடிக்கலன்னா கெளம்புங்க, வாசல்ல ஆள் நிக்குது," என்பான் மேஸ்திரி. ஒருநாள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த தொல்கோர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. செர்மாவும் கேட்கவில்லை. அன்று முழுவதும் அவள் தையல் கோணலாகவே ஓடியது.

"நான் ரயிலுக்கே போறேன்," என்றாள் வீட்டில்.

"பைத்தியமா உனக்கு? அங்க கத்தியோட நிக்கிறான்!"

"தெரியும். அங்க கதவையாவது புடிச்சுக்கிட்டேன். இங்க எதப் புடிக்கிறது, சொல்லுங்க?"



அதன்பின் நாலைந்து பெண்களாகச் சேர்ந்து ஒரே அறையில் பயணம் செய்தார்கள். பட்சூக்கை வேறொரு வழக்கில் போலீஸ் பிடித்துப்போனது. செர்மா சந்தையில் பழைய சரக்குக் கண்டெய்னர் ஒன்றைக் கடையாக்கிக்கொண்டாள். பிற்பாடு ஊரில் நல்ல வேலைகள் வந்தும் அவள் அசையவில்லை. பயம் விட்டுப்போயிற்றா என்றால், அதுதான் இல்லை. சரக்கெடுக்கப் போய்வரும் வழியில் ஒருநாளும் அவள் கண்மூடியதில்லை.