மை தடவுகிறவர்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது நிஜமாகவே நடந்தது. அதுவும் பட்டப்பகலில், பேய் என்றாலே வயிறு குலுங்கச் சிரிக்கிற என் பெரிய மாமாவுக்கு.

அத்தை தவறிப்போன பிறகு மாமாவுக்கு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. பேச ஆளில்லாமல் ஃப்ரிட்ஜோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் யாரோ ஒரு பெண் விற்ற பழைய கை அச்சு மெஷினை வாங்கிக் கார் ஷெட்டில் இறக்கினார். மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைத் தேய்த்தார். ஒவ்வொரு திருகாகக் கழற்றி மாட்டினார். வாழ்த்து அட்டை அடித்துச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்புவதாகத் திட்டம். கிடைத்ததென்று சொல்லவாவது நாலு பேர் போன் செய்வார்களே!

ஆனால் அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் ரோலரால் அச்சு எழுத்துகள்மேல் மை தடவ வேண்டும். மற்றவர் சுத்தமான கையால் அட்டை வைத்துக் கைப்பிடியை இழுக்க வேண்டும். மாமா இரண்டையும் செய்ததில் அட்டைக்கு அட்டை கட்டைவிரல் கறை.

ஒரு மத்தியானம் அட்டை எடுக்கத் திரும்பினார். முதுகுக்குப் பின்னால்… டக், டக்.

பார்த்தால், எழுத்துகளில் ஈர மை. ரோலர் பலகைமேல் மெல்ல உருண்டு நின்றது.

மாமா பயந்துபோய் ஷெட் முழுக்கத் தேடினார், யாரும் இல்லை. ஆனாலும் இழுத்தார். அட்டை பளிச்சென்று வந்தது.

மறுநாளும் டக், டக். அதற்கு மறுநாளும். பயம் போய், மாமா அதோடு பேசவே ஆரம்பித்துவிட்டார். போனில் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அத்தை போன பிறகு அவர் சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான்.

பிறகு ஒரு நாள்… டக்.

ஒரே தட்டு.

எழுத்துகள் காய்ந்து கிடந்தன. ரோலரின் பிடி மாமா பக்கம் திரும்பியிருந்தது.

மனசு கேட்காமல், மெஷினை விற்ற பெண்ணுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்பாவும் இதையேதான் சொல்வாரு, சார். தனியாத்தான் இருந்தாரு. ரெண்டு தட்டுனா மை ரெடியாம்."

"ஒரு தட்டுனா?"



"ஆள் மாத்திக்கணுமாம். இழுக்கிறவர் மை தடவப் போகணும். அப்பா இறந்த அன்னிக்குக் காலையில எனக்குப் போன் பண்ணி, ஒரு தட்டுதான் கேட்டுச்சுன்னாரு… சார், அங்க தனியாவா இருக்கீங்க?"



"இல்லைம்மா" என்று சொல்லி மாமா போனை வைத்துவிட்டாராம்.

மறுநாள் மாமாவின் சாவுக்கு வந்தபோது அந்தப் பெண்தான் என்னிடம் இதைச் சொன்னாள்.