ஒரே கொம்பு, வேறே வம்சம்

வண்டு பிடிக்கும் வீட்டுக்காரிக்கு நிம்மதி கிடையாது. எண்ணெய்க்குச் செம்பனை வைத்திருப்பவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

வாளி

அலோர் காஜாவில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். கிழட்டு மரங்களைச் சாய்த்துவிட்டு, சேமிப்பையெல்லாம் கொட்டிக் கன்று நட்டிருக்கிறோம். காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்தால் கன்று போச்சு. என் பள்ளித் தோழியின் மகள் தர்ஷினி வண்டு ஆராய்ச்சி செய்கிறாள். வண்டை மணத்தால் இழுக்கும் வாளியைக் கம்பத்தில் கட்டிவிட்டு, விழுவதை ஸ்பிரிட் போத்தலில் போட்டு வைக்கச் சொன்னாள். கன்னியாஸ்திரிகளிடம் பூத்தையல் படித்த கை இது! இடுக்கியால் தூக்கியதும் அது கிறீச்சென்று கத்தியது. நானும் கத்தினேன். என் கணவர் காரைவிட்டு இறங்காமலே தைரியம் சொன்னார்: "கடிக்காது லா, பயப்படாதே!"

ஒரே முகம்

எனக்கு எல்லாம் ஒன்றுதான். கறுப்பு, ஒரு கொம்பு. தர்ஷினியோ வண்டின் காலைக் கிள்ளி மரபணு பார்க்கிறாள். ஒரு வம்சத்தை வைரஸ் விட்டு அடக்கலாமாம். இன்னொன்று அந்த வைரஸுக்கு மசியாதாம். எங்களுடையது எது என்று கேட்டேன். "பார்த்தா தெரியாது ஆன்ட்டி. நம்ம சொந்தக்காரங்க மாதிரிதான்."

இலவச உரம்

சாய்த்த மரம் மக்கினால் ரோஜாவுக்கு நல்ல உரம். இலவசம் என்றால் நம் ஆட்கள் சாக்கோடு வருவார்கள். தங்கா பத்து ஊரிலிருந்து வந்த நாத்தனார் கமலா, நான் தேநீர் கலக்குவதற்குள் ஒரு மூட்டை கட்டிக் காரில் ஏற்றிவிட்டாள். அவள் வீட்டைச் சுற்றித் தென்னை. வண்டுப் புழு வளர்வதே அந்த மக்கலில்தான் என்று தர்ஷினி பிறகுதான் சொன்னாள். உடனே கமலாவுக்குப் போன் போட்டேன். "புழுவா? கொழுகொழுன்னு இருந்துச்சே! கோழிக்குப் போட்டேன் அண்ணி. கோழி எல்லாத்தையுமா கண்டுபிடிக்கும்?"

முடிவு வந்தது

கமலா வீட்டிலும் வாளி கட்டினோம். வண்டு விழுந்தது. அவள் தென்னையில் விரிந்த புது ஓலை, கத்தரியால் வெட்டிய காகிதம் போலிருந்தது. தர்ஷினி அழைத்தாள்: இரண்டு வாளியிலும் ஒரே வம்சம், மசியாத வம்சம். இனி வைரஸை நம்பிப் பயனில்லை. மக்கலைக் கிளறிக் கையால்தான் புழு பொறுக்க வேண்டும். மூட்டையில் மிச்சம் இருப்பதை உடனே கொட்டிப் பார் என்று கமலாவிடம் கத்தினேன். "மிச்சத்தைக் கோயில் பூந்தோட்டத்துக்குக் கொடுத்துட்டேனே அண்ணி, புண்ணியம்னு."

நம் ஆட்களிடம் கார் இருக்கும்போது வண்டுக்குச் சிறகு எதற்கு?